வலிப்பு மாத்திரையும் விழித்திரையும்: 6/6 படித்தால் போதுமா?

விழிக்களம் (ஆப்டோமெட்ரி)

நரம்பியல் பிரிவிலிருந்து வரும் சீட்டில் பெரும்பாலும் "வலிப்பு மாத்திரை எடுக்கிறார், கண் செக்கப்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. எந்த மாத்திரை, எத்தனை மாதமாக, தினம் எவ்வளவு, நாம் எதைத் தேட வேண்டும் என்று எதுவும் இருப்பதில்லை. இங்கே எழுத்துப் பலகையைப் படிக்க வைக்கிறோம். 6/6, அதாவது முழுக் கூர்மை, வருகிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் விழித்திரையும் நன்றாக இருக்கிறது. "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுகிறோம்.

விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து எடுப்பவருக்கு அந்த "நார்மல்" எதையும் நிரூபிக்காது. அந்த மருந்து கெடுப்பது பார்வையின் ஓரத்தை. நடுப்பார்வை பெரும்பாலும் அப்படியே நிற்கும், எழுத்துகள் கூர்மையாகத் தெரியும், நிறமும் தெரியும். பிரிட்டனில் அந்த மருந்து விற்பனைக்கு வந்தது 1989-இல். பார்வைக் களம் (நேராகப் பார்க்கும்போது ஓரம் உட்படத் தெரியும் மொத்தப் பரப்பு) கடுமையாகச் சுருங்கிய மூன்று நோயாளிகளின் விவரம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது 1997-இல். இடையில் எட்டு ஆண்டுகள். ஓரம் மெதுவாகப் போகும்போது பெரும்பாலானோருக்கு அது போவதே தெரிவதில்லை, அதனால் யாரும் புகார் சொல்லி வரவில்லை.

எந்தெந்த வலிப்பு மருந்துக்கு உண்மையிலேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும், எந்தக் கருவியால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, உட்கார்ந்து பொத்தான் அழுத்த முடியாத குழந்தைக்கு என்ன வழி என்று இங்கே பேசுவோம். துறைக்காரர்கள் விவரமாக எழுதுங்கள்.

கருவிழி (கண் மருத்துவம்)

முதலில் மருந்துகளைப் பிரித்துவிடலாம். எல்லா வலிப்பு மாத்திரையையும் ஒரே தட்டில் வைத்துப் பயமுறுத்தினால், பயந்துபோய் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகமாவார்கள்.

விழித்திரையை நிரந்தரமாகக் கெடுக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது விகாபாட்ரின். இரண்டாவதாக ரெட்டிகாபைன் இருந்தது. 2011-இல் அனுமதி பெற்றது. 2013-இல் விழித்திரையில் நிறமி மாற்றமும், உதட்டிலும் நகத்திலும் நீலம் பாய்வதும் தெரியவந்து கடும் எச்சரிக்கை போட்டார்கள். 2017-இல் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார். பழைய மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் மட்டும் விழித்திரைப் படம் எடுத்து வையுங்கள்.

ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவற்றில் நாம் பார்க்கும் கண் தொல்லை வேறு வகை: இரட்டையாகத் தெரிவது, பக்கவாட்டில் பார்க்கும்போது விழி துள்ளுவது, மங்கல். இவை மூளைத்தண்டும் சிறுமூளையும் காட்டும் அறிகுறிகள். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்போது வரும், இறங்கினால் போகும். ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்ற எல்லையைத் தாண்டினாலே விழி துள்ள ஆரம்பிக்கும், 30 தாண்டினால் நடை தள்ளாடும். அவருக்குத் தேவை ரத்தப் பரிசோதனை. கண் பிரிவில் காத்திருக்க வைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. இந்த இரண்டிலும் வால்புரோயேட்டிலும் நீலம்-மஞ்சள் பிரித்தறிவதில் சிறு குறை அளவிடப்பட்டிருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் பெரும்பாலும் அது உறைப்பதில்லை.

லாமோட்ரிஜின் மெலனின் என்ற நிறமியோடு ஒட்டும் தன்மை உடையது, கண்ணில் சேரலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அதற்கென்று குறிப்பிட்ட கால இடைவெளியில் கண் பரிசோதனை செய்யச் சொல்லும் பரிந்துரை கிடையாது.

மருந்தாளுநர் குமரி

விகாபாட்ரின் ஏன் விழித்திரையைக் குறிவைக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். மூளையில் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, காபா டிரான்சமினேஸ். விகாபாட்ரின் அதோடு ஒட்டி நிரந்தரமாக முடக்கிவிடும். காபா தேங்கும், வலிப்பு அடங்கும். அதே நொதி விழித்திரையிலும் இருக்கிறது. எலிகளில் அளந்து பார்த்தபோது மூளையைவிட விழித்திரையில் இந்த மருந்து பலமடங்கு கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

இதனால் நடைமுறையில் இரண்டு விளைவு. மருந்து ரத்தத்தை விட்டுச் சீக்கிரம் போய்விடும், பெரியவர்களில் அரை ஆயுள் (அளவு பாதியாகும் நேரம்) பத்து மணி நேரத்தை ஒட்டியது. ஆனால் உடல் புதிய நொதியைச் செய்து முடிக்கும்வரை வேலை தொடரும். ஆகவே ரத்தத்தில் மருந்து அளவு பார்த்துக் கண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மற்றொன்று, இந்த மருந்தைக் கல்லீரல் தொடுவதில்லை, சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற அளவு) நிமிடத்துக்கு 50-க்கும் 80 மில்லிக்கும் இடையில் என்றால் கால் பங்கு குறைக்க வேண்டும், 30-50 என்றால் பாதி, 10-30 என்றால் முக்கால் பங்கு. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்த பெரியவருக்கு முழு அளவில் கொடுத்துக்கொண்டே போனால் விழித்திரை மேல் ஏறும் சுமை நமக்குத் தெரியாமலே கூடும்.

கூடவே ஃபெனிடாயின் எடுத்தால் ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு ஏறத்தாழ 16 முதல் 20 சதவீதம் இறங்கும். "விகாபாட்ரின் சேர்த்தும் வலிப்பு நிற்கவில்லை" என்றால் ஃபெனிடாயின் அளவையும் ஒருமுறை பாருங்கள்.

குழந்தைக்குப் பொடி கலக்கும் கணக்கில் பிசகு அதிகம் நடக்கிறது. 500 மில்லிகிராம் பாக்கெட்டை 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் 1 மில்லியில் 50 மில்லிகிராம். எட்டு கிலோ குழந்தைக்குத் தொடக்க அளவு கிலோவுக்கு 50 என்றால் நாளுக்கு 400 மில்லிகிராம், வேளைக்கு 200, அதாவது 4 மில்லி வீதம் இருவேளை. கிலோவுக்கு 150 வரை ஏற்றினால் வேளைக்கு 600, அதாவது 12 மில்லி. அதற்கு இரண்டு பாக்கெட், 20 மில்லி தண்ணீர். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. ஊசி இல்லாத சிரிஞ்சால்தான் அளக்க வேண்டும். சமையல் ஸ்பூனில் அளந்தால், மாதக்கணக்கில் போன மொத்த அளவைக் கண் மருத்துவர் கேட்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

விழிக்களம்

மொத்த அளவு முக்கியம் என்று குமரி சார் சொன்னதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். தினம் 2 கிராம் வீதம் மூன்று ஆண்டு எடுத்தவர் உள்ளே விட்டது 2 கிலோவுக்கு மேல். அளவும் காலமும் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

இப்போது ஃபீல்டு டெஸ்ட், அதாவது பார்வைக் களத்தை அளக்கும் பெரிமெட்ரி. பல இடங்களில் குளுக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்)ப் போடும் 24-2 நிரலையே இதற்கும் போடுகிறார்கள். நடு 24 டிகிரி சுத்தமாக இருக்கிறது என்று ஒரு தாள் அச்சாகிறது, எல்லோருக்கும் நிம்மதி. இந்தச் சேதம் மூக்குப் பக்கத்தில் 30 டிகிரிக்கு அப்பால் வளையம் போலத் தொடங்குவது. ஆகவே 24-2 குறையில்லாமல் வந்தால் அதை எதற்கும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

களஅளவி (பெரிமெட்ரி)

24-2-ஐ அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, தம்பி. சிறு ஊரில் வேறு எதுவும் கிடைக்காது. நடு 30 டிகிரியைப் பார்க்கும் 30-2 ஆவது போடுங்கள், அதன் மூக்குப் பக்க ஓரப்புள்ளிகளை மட்டும் தனியாகப் பாருங்கள். முற்றிய சேதம் அதில் தெரியும். தொடக்கச் சேதத்தைத் தவறவிடும் என்பதை மட்டும் அறிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள்.

சரியான முறை கோல்ட்மன் கைப்பெரிமீட்டர், அல்லது கைனடிக் (ஒளிப்புள்ளியை நகர்த்தி அளக்கும்) வசதியுள்ள ஆக்டோபஸ் கருவி. ஹம்ஃப்ரி என்ற தானியங்கிக் கருவி மட்டும்தான் இருக்கிறது என்றால் 30-2-உடன் 30 முதல் 60 டிகிரி வரை பார்க்கும் 60-4 நிரலைச் சேர்த்துப் போடலாம். ஒரே உட்காரலில் இரண்டும் வேண்டாம். வலிப்பு மாத்திரை எடுப்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார், களைப்பு வந்தால் ஓரம்தான் முதலில் விழும். நாம் தேடும் சேதமும் ஓரத்தில்தான்.

கோல்ட்மனில் நான் செய்யும் வரிசை: ஒளி அளவைச் சரிபார்த்து, பின்னணி வெளிச்சம் 31.5 அப்போஸ்டில்பில் (ஒளி அலகு) நிற்கிறதா என்று பார்ப்பேன். கண்ணாடி வில்லை நடு 30 டிகிரிக்கு மட்டும், அதைத் தாண்டினால் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் வில்லையின் விளிம்பு வட்டமாக ஒரு சுருக்கத்தைக் காட்டும், விகாபாட்ரின் சேதத்தோடு குழப்பும். முதலில் ஃபைவ்-ஃபோர்-ஈ, பிறகு ஒன்-ஃபோர்-ஈ, அதன்பின் ஒன்-டூ-ஈ; இவை ஒளிப்புள்ளியின் பரப்பையும் பிரகாசத்தையும் குறிக்கும் குறியீடுகள். ஒளிப்புள்ளியை ஓரத்திலிருந்து நடுவுக்கு நொடிக்கு 3 முதல் 5 டிகிரி வேகத்தில் நகர்த்த வேண்டும். அதைவிட வேகமாக இழுத்தால், பொத்தான் அழுத்தத் தாமதிப்பவரின் களம் உண்மையைவிடச் சுருங்கித் தெரியும். மயக்கம் தரும் மாத்திரை எடுப்பவருக்கு வேகத்தைக் குறைத்து, அந்த வேகத்தைத் தாளில் எழுதுங்கள். அடுத்த முறை செய்பவரும் அதே வேகத்தில் செய்யட்டும்.

ஒப்பிட்டுக்கொள்ள: நல்ல கண்ணில் காதுப் பக்கம் 90 டிகிரிக்குக் குறையாது, மூக்குப் பக்கமும் மேல்பக்கமும் 60, கீழே 70 அளவில் இருக்கும். ஹம்ஃப்ரியில் நான்கு இதழ் போல ஒரு வடிவம் வந்தால் அது களைப்பு, நோயல்ல. கருவி முதலில் நான்கு கால்பகுதியிலும் ஒவ்வொரு புள்ளியைச் சோதிக்கும், பிறகு நோயாளி கவனம் இழக்கிறார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொரு நாள் கூப்பிடுங்கள். இமை தொங்கினால் மேல்களம் போகும், பிளாஸ்திரி ஒட்டிச் செய்யுங்கள்.

கருவிழி

களஅளவி அண்ணன் சொன்னதோடு வடிவத்தைப் பற்றி ஒன்று. விகாபாட்ரின் சேதம் இரண்டு கண்ணிலும் வரும், இரண்டிலும் மூக்குப் பக்கம் முதலில். ஒரே பக்கம், அதாவது இரண்டு கண்ணிலும் வலப்பக்கம் அல்லது இரண்டிலும் இடப்பக்கம் போயிருந்தால் அது விழித்திரையே அல்ல, மூளை. வலிப்புக்காக மூளையின் நெற்றிப்பொட்டு மடலில் அறுவை செய்தவர்களுக்குப் பார்வைக் களத்தின் எதிர்ப்பக்க மேல் கால்பகுதி போவது தெரிந்த விஷயம். அறுவைக்கு முன் எடுத்த களப்படம் இல்லாவிட்டால் பழியை மருந்தின் மேல் போட்டுவிடுவார்கள்.

தொடக்கப் படத்தை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்து 2010-இல் வெளியான தொகுப்பாய்வில், விகாபாட்ரின் எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்குக் களக் குறை இருந்தது. அதை எடுக்காதவர்களிலும் 7 சதவீதம் பேருக்கு இருந்தது. அந்த ஏழு யார் என்பது மருந்து தொடங்குவதற்கு முன் பார்த்தால்தான் தெரியும்.

விழித்திரையை நேரில் பார்ப்பதை நம்பி இருக்காதீர்கள். தமனிகள் மெலிவதும், பார்வை நரம்புத் தட்டு மூக்குப் பக்கம் வெளிறுவதும் பின்னால்தான் தெரியும்.

மீனாட்சி நியூரோ (குழந்தை நரம்பியல்)

மேலே எல்லோரும் சொன்னது சரி. ஆனால் இந்த மருந்தை ஏன் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதைப் படிக்கும் பெற்றோர் தவறான முடிவுக்கு வந்துவிடுவார்கள். பிறந்து சில மாதத்தில் வரும் இன்ஃபன்டைல் ஸ்பாஸம் சாதாரண வலிப்பு அல்ல. அடங்காமல் போகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கிறது. ஏசிடிஎச், பிரெட்னிசோலோன் என்ற ஹார்மோன் மருந்துகள், விகாபாட்ரின் இவைதான் முதல் வரிசை. டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் (மூளை முதலிய உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) உள்ள குழந்தைக்கு விகாபாட்ரினே முதல் தேர்வு. 2017-இல் வெளியான ஐசிஐஎஸ்எஸ் என்ற பன்னாட்டு இன்ஃபன்டைல் ஸ்பாஸம் ஆய்வில், ஹார்மோனும் விகாபாட்ரினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 72 சதவீதக் குழந்தைகளுக்கு ஸ்பாஸம் நின்றது, ஹார்மோன் மட்டும் கொடுத்தவர்களில் 57 சதவீதம். அதே குழந்தைகளை 18 மாதத்தில் பார்த்தபோது வளர்ச்சியில் வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால் என் கணக்கு இதுதான். கிலோவுக்கு 50-இல் தொடங்கி, மூன்று நாளைக்கு ஒருமுறை 25 முதல் 50 வரை ஏற்றி, 150-இல் நிறுத்துகிறோம். 2 முதல் 4 வாரத்துக்குள் தெளிவான பலன் இல்லையென்றால் அந்த மருந்துக்கு அங்கே வேலையில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று இழுப்பதில்தான் விழித்திரை வீணாகிறது. பலன் இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதம். டொரண்டோவில் 30 ஹெர்ட்ஸ் ஈஆர்ஜியை (நொடிக்கு 30 முறை மின்னும் ஒளிக்கு விழித்திரை காட்டும் மின்துடிப்பை அளக்கும் சோதனை) அளவுகோலாக வைத்துப் பின்தொடர்ந்த குழந்தைகளில், 6 மாதத்தில் 5.3 சதவீதமும் 12 மாதத்தில் 13.3 சதவீதமும் விழித்திரை நச்சு கண்டதாக 2014-இல் வெளியிட்டார்கள். ஆறாவது மாதத்தில் நின்று யோசிப்பதற்கான காரணம் அந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது.

பெரியவர்களில் மூன்று மாதத்துக்குள் தெளிவான பலன் வராவிட்டால் நிறுத்த வேண்டும். நிறுத்துவதென்றால் ஒரே நாளில் அல்ல. பெரியவருக்கு வாரம் 1 கிராம் வீதம் குறைக்க வேண்டும், குழந்தைக்கு 3-4 நாளைக்கு ஒருமுறை கிலோவுக்கு 25 முதல் 50 வீதம். கண்ணுக்குப் பயந்து வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம், அதில் உயிருக்கே ஆபத்து.

சிறப்புக்கல்வி லதா

டாக்டர், ஒரு சந்தேகம். கண் பரிசோதனையை அமெரிக்கக் குறிப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்கிறார்கள், பிரிட்டனில் ஆறு மாதம். இங்கே பெற்றோர் பல மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டும். எதைப் பிடிப்பது?

மீனாட்சி நியூரோ

நல்ல கேள்விம்மா. முதல் படம் தொடங்கும்போதே, தள்ளிப்போனால் நான்கு வாரத்துக்குள். அதை எதற்காகவும் விடக்கூடாது. பெரியவர்களில் 9 மாதத்துக்கு முன்பும், கைக்குழந்தைகளில் ஏறக்குறைய 3 மாதத்துக்கு முன்பும் சேதம் தெரிவது அரிது. ஆனால் சில வாரங்களிலேயே வரக்கூடும் என்றும், எத்தனை ஆண்டு கழித்தும் வரக்கூடும் என்றும் மருந்துக் குறிப்பு எச்சரிக்கிறது. ஆகவே குழந்தைக்கு மூன்று மாதம் என்பதை நான் தளர்த்த மாட்டேன். சிகிச்சையே ஆறு மாதம்தான், அதில் இரண்டு முறை வர வேண்டியிருக்கும். மருந்து வாங்க வரும் அதே நாளில் ஈஆர்ஜியையும் வைத்துக்கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பு. பஸ் செலவை நினைத்துப் பெற்றோர் பரிசோதனையை விட்டுவிடும் நிலை வரக்கூடாது. அறிவுத் தெளிவோடு ஒத்துழைக்கும், அளவு ஏறாத பெரியவருக்கு ஆறு மாதம் என்பது ஏற்கத்தக்கது.

ஈஆர்ஜி அறை (மின்உடலியங்கியல்)

குழந்தைக்கு எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன். ஒன்பது வயதுக் குழந்தையின் மனவளர்ச்சி இல்லாதவரிடம் பெரிமெட்ரி தாள் நம்பத்தகுந்ததாக வருவதில்லை. அவர்களுக்கு ஈஆர்ஜி.

நேரம் குறைவென்றால் வெளிச்சத்துக்குப் பழக்கிய பகுதியை மட்டுமாவது எடுங்கள். கண்மணியை நன்றாக விரித்து, 10 நிமிடம் பின்னணி வெளிச்சத்தில் வைத்து, பிறகு ஒற்றை ஒளித்துடிப்பு, அதன்பின் 30 ஹெர்ட்ஸ் ஃபிளிக்கர் (மினுக்கும் ஒளி). விகாபாட்ரின் சேதத்தோடு நன்றாக ஒத்துப்போவது இந்த 30 ஹெர்ட்ஸ் வீச்சுதான். இருட்டுப் பகுதியும் வேண்டுமென்றால் அதற்கு முன் 20 நிமிடம் இருட்டறை.

எங்கே தப்பு நடக்கிறது என்றால், ஒரு மையத்தில் இமைக்குக் கீழே தோலில் மின்முனை ஒட்டி எடுத்துவிட்டு, அடுத்த மையத்தில் விழிமேல் நூல் மின்முனை வைத்து எடுக்கிறார்கள். தோல் மின்முனையில் வீச்சு பலமடங்கு குறைவாகவே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "பாதியாகக் குறைந்துவிட்டது" என்று எழுதினால், நன்றாக வேலை செய்யும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். மின்முனை வகை, மயக்க மருந்து கொடுத்தோமா, கண்மணி எத்தனை மில்லிமீட்டர் விரிந்தது என்ற மூன்றும் ஒவ்வொரு அறிக்கையிலும் இருக்க வேண்டும்.

மற்றொரு சிக்கல் குழந்தை வளர்வது. முதல் ஆண்டில் ஈஆர்ஜி வீச்சு இயல்பாகவே ஏறும். மூன்றாவது மாதத்தில் எடுத்ததும் ஒன்பதாவது மாதத்தில் எடுத்ததும் ஒரே எண் என்றால் அது "மாற்றமில்லை" அல்ல, ஏற வேண்டியது ஏறவில்லை என்று பொருள். வயதுக்கேற்ற அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஒருமுறை குறைந்ததும் பதறவும் வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு பரிசோதனையிலும் குறைந்திருந்தால்தான் சேதம் என்று எழுதுகிறோம். ஈஆர்ஜி வரைபடத்தின் பி-அலையிலும் அதன்மேல் வரும் சிற்றலைகளிலும் மருந்து எடுக்கும் காலத்தில் மட்டும் சில மாற்றம் வரும், நிறுத்தினால் திரும்பும். ஈஓஜி (கண்ணின் நிலை மின்னழுத்தம் இருட்டிலும் வெளிச்சத்திலும் மாறுவதை அளக்கும் சோதனை) விகிதம் குறைவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து உடலில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், கண் கெட்டதற்கு அல்ல.

கருவிழி

ஓசிடியையும் (விழித்திரை அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் கருவி) சேர்க்கிறேன். நரம்பிழை அடுக்கின் தடிமனைப் பார்வை நரம்புத் தட்டைச் சுற்றி வட்டமாக அளப்பதுதான் இங்கே பயன்படும். விகாபாட்ரின் சேதத்தில் முதலில் மெலிவது மூக்குப் பக்கக் கால்வட்டம். முற்றும்போது மேலும் கீழும். காதுப் பக்கம், அதாவது நடுப்பார்வைக்குப் போகும் இழைக்கட்டு, தப்பிக்கிறது. எழுத்துப் பலகையில் 6/6 வருவதற்குக் காரணம் இதுவே. குளுக்கோமாவில் மேலும் கீழும்தான் முதலில் மெலியும், அதனால் இரண்டையும் பிரித்தறியலாம்.

ஆனால் மூக்குப் பக்க அளவு கருவிக்குக் கடினமான இடம். ஒளிக்கற்றை சாய்வாக விழுந்தாலே எண் மாறும். ஒரே கருவி, படத்தின் சிக்னல் பத்தில் ஆறுக்குக் குறையாமல், முந்தைய படத்தின் அதே இடத்தில் வட்டம். இப்படி எடுத்தால் மட்டுமே இரண்டு தேதிகளை ஒப்பிடலாம். ஒரு நிறுவனக் கருவியின் எண்ணை இன்னொன்றோடு கழித்துப் பார்க்காதீர்கள்.

களஅளவி

ஓசிடி வந்துவிட்டது, இனி ஃபீல்டு டெஸ்ட் வேண்டாம் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓசிடி காட்டுவது இழை செத்த பிறகு. நோயாளி தெருவைக் கடக்கும்போது எவ்வளவு தூரம் பக்கவாட்டில் பார்க்கிறார் என்பதைக் களப்படம்தான் சொல்லும். ஓட்டுநர் உரிமம், தையல் எந்திரம், தறி, லேத் என்று வேலை பற்றிய முடிவெல்லாம் அதில்தான் நிற்கிறது. பெரிமெட்ரி செய்ய முடியாதவருக்கு ஓசிடி துணை. செய்ய முடிந்தவருக்கு இரண்டும்.

சிறப்புக்கல்வி லதா

டாரின் என்ற அமினோ அமில மாத்திரை பற்றிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெரிதாகப் பேசிக்கொள்கிறார்கள். விகாபாட்ரினோடு கொடுத்தால் கண் தப்பிக்கும் என்று. கடையில் கேட்டால் கிடைக்கிறது. குமரி சார் சொல்லுங்களேன்.

மருந்தாளுநர் குமரி

அந்தப் பேச்சுக்கு அடிப்படை உண்டு. 2009-இல் பாரிஸ் ஆய்வுக் குழு ஒன்று எலிகளிலும் சுண்டெலிகளிலும் காட்டியது: விகாபாட்ரின் கொடுத்தால் டாரின் குறைகிறது, வெளிச்சம் பட்டால் விழித்திரைச் சேதம் அதிகமாகிறது, டாரின் சேர்த்தால் அல்லது இருட்டில் வைத்தால் சேதம் குறைகிறது. மருந்து எடுத்த சில குழந்தைகளிலும் ரத்தத்தில் டாரின் குறைவாக இருந்தது.

மனிதரில் டாரின் கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றியதாக நிரூபணம் இல்லை. சரியான அளவு இவ்வளவு என்றும் வகுக்கப்படவில்லை. ஆகவே மருத்துவர் சம்மதத்தோடு சேர்ப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் "டாரின் கொடுக்கிறோம், ஈஆர்ஜி வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கண்டிப்பாகத் தடுப்பேன். மீனிலும் இறைச்சியிலும் டாரின் உண்டு, செடிவகை உணவில் அநேகமாக இல்லை. எனர்ஜி டிரிங்க் டப்பாவில் டாரின் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கிக் கொடுக்காதீர்கள், அதில் காஃபினும் சர்க்கரையும் சேர்ந்தே வரும். உச்சி வெயிலில் தொப்பி, கூலிங் கிளாஸ் போடுவதால் கெடுதல் இல்லை, போடலாம்.

இன்னொன்று: மூட்டுவலிக்கோ லூபஸுக்கோ ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவருக்கு விகாபாட்ரினும் எழுதியிருந்தால் கடையிலேயே நிறுத்தி, இரண்டு மருத்துவர்களிடமும் பேச வேண்டும். இரண்டும் விழித்திரையைக் கெடுக்கக்கூடிய மருந்துகள்.

விழிக்களம்

விழித்திரைப் பிரச்சினை இல்லாவிட்டாலும் டோபிராமேட் என்ற வலிப்பு மருந்து பற்றி ஒரு பதிவு அவசியம் என்று நினைக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கும் அதைக் கொடுப்பதால் எண்ணிக்கையில் நம்மிடம் வருபவர்கள் இவர்கள்தான் அதிகம்.

கருவிழி

ஆமாம், அதில் சில மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும். தொடங்கிய முதல் மாதத்துக்குள், பெரும்பாலும் இரண்டு வாரத்தில், இரண்டு கண்ணும் சேர்ந்து வலி, சிவப்பு, தூரம் திடீரென்று மங்கல். நேற்றுவரை கண்ணாடி போடாதவருக்கு இன்று பல டயாப்டர் மைனஸ் பவர். கண்ணின் நடு அடுக்கில் நீர் கோர்த்து, வில்லையைத் தாங்கும் சிலியரி உடலம் முன்னால் சுழன்று, வில்லையைத் தள்ளி, வடிகால் கோணத்தை மூடிவிடுகிறது.

இதைச் சாதாரணக் கோண அடைப்பு குளுக்கோமா என்று நினைத்து பைலோகார்பைன் (கண்மணியைச் சுருக்கும் சொட்டு) விட்டால் நிலைமை மோசமாகும். லேசர் ஓட்டையும் உதவாது, காரணம் கண்மணி அடைப்பு அல்ல. செய்ய வேண்டியது: நரம்பியல் மருத்துவரிடம் பேசி டோபிராமேட்டை நிறுத்துவது, அட்ரோபின் போன்ற சொட்டு, அழுத்தம் குறைக்கும் சொட்டு. நிறுத்தினால் அநேகமாக முழுதாகத் திரும்பும். வலிப்புக்காக எடுப்பவர் என்றால் மாற்று மருந்தை அன்றே தொடங்க வேண்டும்.

சிறப்புக்கல்வி லதா

வகுப்பில் கவனிக்க வேண்டியவற்றை நானும் எழுதிவிடுகிறேன். ஓரப்பார்வை போன குழந்தை "தெரியவில்லை" என்று சொல்லாது, தெரிந்த நாளே அதற்கு நினைவில் இருக்காது. கதவு நிலையில் தோள் இடிப்பது, படி இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிடுவது, பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவது, பந்து பக்கத்திலிருந்து வரும்போது மட்டும் திரும்பாமல் இருப்பது. இவற்றைத் தேதியோடு குறித்து மருத்துவரிடம் கொடுக்கிறோம்.

பேசாத குழந்தைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் எதிரே உட்கார்ந்து பொம்மையைக் காட்டி முகத்தைப் பிடித்து வைக்க, மற்றவர் பின்னாலிருந்து குச்சியில் மாட்டிய வெள்ளைப் பந்தைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் முன்னே கொண்டுவர வேண்டும். கண் எந்த இடத்தில் திரும்புகிறது என்று இரு பக்கமும், மேலும் கீழும் பார்க்கலாம். நுட்பமான சேதம் இதில் தெரியாது, பெரிய சேதம் தெரியும்.

உறுதியான பிறகு: வகுப்பில் பின்வரிசை நடுவில் உட்கார வைத்தால் பலகை முழுதும் களத்துக்குள் அடங்கும், முன்வரிசை ஓரம் வேண்டாம். படி விளிம்பில் மஞ்சள் பட்டை. தெரு கடக்கும்போது தலையை முழுதாக இரு பக்கமும் திருப்பும் பழக்கம். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது.

மீனாட்சி நியூரோ

லதா எழுதிய பந்துச் சோதனையைத் தொடக்கத்திலும் ஒருமுறை செய்து வையுங்கள். டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழித்திரையிலேயே ஹமார்டோமா என்ற சிறு கட்டிகள் இருக்கும். அதையும் முதல் படத்தில் பதிவு செய்யாவிட்டால் பின்னால் எது நோய், எது மருந்து என்று குழம்பும்.

விழிக்களம்

நிறுத்திய பிறகு எவ்வளவு நாள் பார்ப்பது? பெற்றோர் எல்லோரும் கேட்பது இதைத்தான்.

மீனாட்சி நியூரோ

நிறுத்தி 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு பரிசோதனை கட்டாயம். போன களம் திரும்பாது, அதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிறுத்தியபின் மேலும் கூடுவது வழக்கமல்ல.

கைக்குழந்தையாக ஆறு மாதம் எடுத்தவருக்கு ஈஆர்ஜி நன்றாக இருந்தாலும், ஒன்பது பத்து வயதில் ஒத்துழைக்க முடிகிறபோது ஒரு கைனடிக் களப்படம் எடுக்கச் சொல்கிறேன். அதற்குள் மருத்துவமனை மாறியிருக்கும், பழைய கோப்பு கிடைக்காது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்து தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, எட்டிய உச்ச அளவு, அப்போதைய எடை, எடுத்த ஒவ்வொரு ஈஆர்ஜியின் 30 ஹெர்ட்ஸ் வீச்சும் மின்முனை வகையும் இருக்கட்டும். ஒரு நகலைப் பெற்றோர் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைக்கட்டும்.